ரோட்டுப் பக்கம் நடந்த அண்ணிக்கு

அண்ணி,

இன்று காலை தரை துடைக்கப் பழைய துணி தேடி அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டேன். சுருக்கென்று குத்தியது. இழுத்துப் பார்த்தால் அந்த மஞ்சள் டீசட்டை. உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், லோரி ஓட்டிய காலத்தில் கம்பெனியில் கொடுத்தது. காலரில் நீங்கள் குத்திய ஊக்கு அப்படியே இருக்கிறது. லேசாகத் துரு ஏறியிருக்கிறது. துணியில் தேநீர் பட்டது போல ஒரு சின்ன வட்டம்.

நாம் கடைசியாக நடந்துவிட்டு வந்த அன்று கழற்றிய சட்டை அது. துவைத்தபோதும் ஊக்கை எடுக்க மனம் வரவில்லை. மடித்து எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிட்டேன். இன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வெறுந்தரையில் உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். பேசுவது போலத்தான் எழுத வரும்.

உங்கள் வீட்டுக்காரர், மாமா, தவறிய பிறகு நீங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானுக்கு எங்களோடு இருக்க வந்தீர்கள். அந்தச் சமயத்தில்தான் கிளினிக்கில் தாதி என்னைத் திட்டி அனுப்பினார். முட்டி தேய்ந்துவிட்டது, எடையைக் குறைக்காவிட்டால் மாத்திரையும் கேட்காது என்று. நான் வீட்டுக்கு வந்து உங்களிடம் அழாத குறையாகச் சொன்னேன். "கையுறை ஃபேக்டரியில நாள் பூரா நின்னுக்கிட்டேதானே இருக்கேன் அண்ணி. அது எக்சர்சைஸ் இல்லையா?"

நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்கவில்லை. "நிக்கறதும் நடக்கறதும் ஒண்ணாடி? டோபிக் கடையில இஸ்திரி மேசைக்கு முன்னால எத்தனை வருசம் நின்னேன். எனக்குத் தெரியாதா? நின்னா காலு வீங்கும். நடந்தாத்தான் வடியும். நாளைக்கு என்கூட வா."

மறுநாள் மசூதியில் பாங்கு ஓதி முடிந்ததும் கிளம்பினோம். கேட்டைத் திறக்கும் முன் என் கழுத்தைப் பார்த்தீர்கள். தாலிச் சங்கிலி வெளியில் தெரிந்தது. பின்தெருவில்தான் போன மாதம் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"கழட்டி வச்சிட்டு வரவா அண்ணி?"

"கட்டினவன் உள்ள குறட்டை விட்டுத் தூங்கறான். எதுக்குக் கழட்டணும்?"

உள்ளே போய் இந்த மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்து என் தலைவழியே மாட்டினீர்கள். மேல் பொத்தான் இல்லை. உங்கள் சட்டையின் ஓரத்தில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். டோபிக் கடையில் துணிக்கு நம்பர் சீட்டுக் குத்திக் குத்திப் பழகிய பழக்கம், கடையை விட்டு வந்த பிறகும் போகவில்லை. அதில் ஒன்றை எடுத்துக் காலரைச் சேர்த்துக் குத்தினீர்கள். ஒரு நாளும் என் தோலில் பட்டதில்லை. அப்படி ஒரு கை.

ரோட்டுக்கு வந்ததும் என்னை லோங்காங் சாக்கடை ஓரமாகத் தள்ளினீர்கள். "நீ இந்தப் பக்கம் நட. நான் ரோட்டுப் பக்கம்."

"ஏன் அண்ணி?"

"என் கழுத்துல என்ன இருக்கு? புடுங்க வர்றவன் ஏமாந்து போவான்லா."

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் ஏதாவது சொல்வதற்குள் நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள். பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. திடல் வரைக்கும் நடை. அங்கே சீன ஆன்ட்டிகள் பாட்டுப் போட்டுக் கையைக் காலை ஆட்டுவார்கள். பின்வரிசையில் நாமும் போய் நின்றோம். எல்லோரும் வலப்பக்கம் திரும்பினால் நீங்கள் இடப்பக்கம் திரும்புவீர்கள். "அம்மா, சாலா! சாலா!" என்று முன்வரிசை ஆன்ட்டி தப்பைக் காட்டிக் கத்துவார். "என் இடுப்பு இந்தப் பக்கம்தான் ஆன்ட்டி வளையுது. நீங்க எல்லாரும் இப்படித் திரும்புங்க," என்பீர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரிப்பார். உங்கள் இறுதிச் சடங்குக்கு வந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றவர்களில் அவரும் ஒருவர். உங்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

திரும்பும் வழியில் ரொட்டிக் கடையில் உட்காருவோம். ஆளுக்கு ஒரு தே ஓ கோசோங். பாலும் சீனியும் இல்லாத தேநீர். முதலில் எனக்குக் கஷாயம் குடிப்பது போல இருந்தது. பிறகு நாக்குப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு ரொட்டி சானாய் வாங்கிப் பிய்த்துப் பெரிய துண்டை என் பக்கம் தள்ளுவீர்கள். "அண்ணி, தாதி கேட்டா என்ன சொல்றது?" என்றால், "ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவு," என்பீர்கள்.

கிளினிக்கில் கொடுத்த படத்தைச் சமையலறைக் கதவில் ஒட்டியது நீங்கள்தான். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ. வீட்டில் சரி. செந்தூலில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, அங்கே வாழையிலை. நீங்கள் விரலைத் தண்ணீரில் நனைத்து இலையின் குறுக்கே ஒரு கோடு போட்டீர்கள். சோற்று வாளியோடு வந்த பையனிடம், "தம்பி, இந்தக் கோட்டைத் தாண்டிச் சோறு வரக்கூடாது," என்றீர்கள். அவன் உங்களையும் இலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, வேலி போட்டுத் தரவா?" என்றான். பந்தியே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் தம்பி உங்கள் பாயசத்தையும் சேர்த்து வாங்கிக் குடித்தார்.

அவரைத்தான் உங்களால் அசைக்க முடியவில்லை. நாம் கிளம்பும் சில நாட்களில் எழுந்து வந்து வாசலில் நாற்காலி போட்டுச் சீனி போட்ட காப்பியோடு உட்கார்ந்திருப்பார். "ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்களா? ரோடு தாங்குமா?" என்பார்.

"டேய், இத்தனை வருசம் ஓடினது லோரிடா. நீ உள்ள உக்காந்துதானே இருந்தே? உனக்கும் சீனி வியாதி இருக்கு. நாளைக்கு வாடா."

"நாளைக்கு வரேன்க்கா."

அடுத்த நாளும் அதே பேச்சு. அடுத்த வாரமும் அதே. நீங்கள் ஒரு முறைகூடக் கோபப்பட்டதில்லை. கேட்பதை நிறுத்தியதும் இல்லை.

ஒரு பெரிய மழைக்குப் பிறகுதான் நம் வரிசையில் மூன்று வீட்டில் காய்ச்சல் வந்தது. நகராண்மைக் கழகத்தார் வந்து புகை அடித்தார்கள். நீங்கள்தான் பூந்தொட்டித் தட்டெல்லாம் கவிழ்த்து வைத்தீர்கள், பக்கத்து வீட்டுத் தொட்டிகள் உட்பட. அப்படியும் டெங்கி உங்களைத்தான் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ரத்த அணு இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு அவரைப் பார்த்து, "தம்பி, இன்னைக்கு நடந்தியா?" என்று கேட்டீர்கள். "நாளைக்குப் போறேன்க்கா," என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். அந்த வாரம் முடியும் முன்னே போய்விட்டீர்கள்.

காரியத்துக்கு வந்த ஒரு சொந்தக்காரர் வாசலில் நின்று சொன்னார். "தினம் நடந்தாங்க, சோத்தை அளந்து சாப்பிட்டாங்க. கடைசியில பாரு, ஒரு கொசு." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் சட்டையை அடியில் வைத்தேன். நடையை விட்டேன். முட்டி மறுபடி பிடித்துக்கொண்டது. உங்கள் தம்பியோ காப்பியில் மூன்று கரண்டி சீனி போட ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தால், "அக்கா நடந்து என்னத்தைக் கண்டாங்க?" என்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இந்த வாரம் கிளினிக்கில் அவர் கால் பெருவிரலில் ஆறாத புண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் முகத்தைச் சுருக்கினார். சீனி இறங்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து ஊசி, புண் உள்ளே போனால் விரலுக்கே ஆபத்து என்றார். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மூடிய காலணியோடு கொஞ்சம் கொஞ்சமாகவாவது நடக்கச் சொன்னார். உங்கள் தம்பி தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாளும் மூன்று கரண்டி.

இன்று காலை ஊக்குக் குத்தியதும் எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. சட்டையோடு போய் அவர் முன்னால் நின்றேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி நடந்து என்ன கண்டாங்கன்னு கேட்டீங்களே, சொல்லட்டா? கொசு கடிக்கக்கூடாதுன்னு அவங்க நடக்கலைங்க. நம்ம வீட்டுக்கு வந்த புதுசுல அவங்க ராத்திரியில தூங்கவே மாட்டாங்க. நான் தண்ணி குடிக்க எந்திரிச்சா சோபாவுல சும்மா உக்காந்திருப்பாங்க. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, அந்த ஆளு ஞாபகம்னு சொல்வாங்க. நடக்க ஆரம்பிச்ச பிறகுதான் தூங்கினாங்க. தூக்கம் வரணும்னு நடந்தாங்க. அதைத்தான் கண்டாங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க அழுவீங்கன்னு சொல்லியிருக்க மாட்டாங்க."

 பிறகு சட்டையை வாங்கி அந்த ஊக்கைப் பார்த்தார். "போட்டுக்க," என்றார். நான் போட்டுக்கொண்டேன். எழுந்து வந்து அவரே குத்தினார். ஸ்டீரிங் பிடித்த தடித்த விரல். ஊக்கு முனை என் கழுத்தில் கீறிவிட்டது. நான் சொல்லவில்லை. இப்போதும் லேசாக எரிகிறது.

காலில் கட்டுப் போட்டு, பழைய காலணியை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். அங்கே நின்று கேட்டார். "அக்கா எந்தப் பக்கம் நடப்பாங்க?"

"ரோட்டுப் பக்கம்."

அங்கே போய் நின்றுகொண்டார். நான் லோங்காங் ஓரமாக வந்தேன். அண்ணி, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போன பிறகு பாசாருக்குத் தனியாகப் போனால்கூட நான் அந்த ஓரமாகவேதான் நடந்தேன். ரோட்டுப் பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டே நடந்தேன். கால் தானாகப் போகிறது, நான் என்ன செய்ய?

பஸ் ஸ்டாப் வரும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

"முதல் நாளுக்கு இது போதுங்க. திரும்பிடலாமா?"

"அக்கா எது வரைக்கும் போவாங்க?"

"திடல் வரைக்கும்."

திடல் இருக்கும் பக்கம் பார்த்தார். அங்கிருந்து சீன ஆன்ட்டிகளின் பாட்டு லேசாகக் கேட்டது. "நாளைக்கு..." என்று ஆரம்பித்தார். சொல்லை முடிக்கவில்லை. தன் காலணியையே பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"ரொட்டிக் கடை வரைக்கும் போவோம்," என்றார். தூணைப் பிடித்து எழுந்து ரோட்டுப் பக்கமாக வந்து நின்றார்.

கடையில் ஆளுக்கு ஒரு தே ஓ கோசோங். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணினார். சீனி டப்பாவைப் பார்த்தார். கை போகவில்லை.

வீட்டுக்கு வந்து ஊக்கைக் கழற்றித் துருவைத் தேய்த்தேன். என் சட்டையின் ஓரத்தில், உங்களுக்கு இருந்த இடத்தில் மாட்டிவைத்திருக்கிறேன். விடிந்ததும் எடுக்க வேண்டும்.

உங்கள் செல்வி