ஒரு பல்லுக்கு ஒரு நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு ஒளிச் சிகிச்சைக் கருவி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஈறு நோய் என்று இன்று வந்து உட்கார்ந்தவர் யார்? என்னைக் கட்டியவர். ஆறு வருடம் பார்த்துவிட்டு, "பிள்ளை பெறத் துப்பில்லாதவ" என்று அனுப்பி வைத்தவர்.

முகக்கவசம், கண்ணாடி, தொப்பி. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பத்து வருடத்தில் நானும் பெருத்துவிட்டேன். பல்லைச் சுத்தம் செய்தேன். தொட்ட இடமெல்லாம் ரத்தம்.

மார்ச் 11

ஈறு இடுக்கில் நீல மருந்து வைத்து, அதன்மேல் சிவப்பு ஒளி பாய்ச்சினால் கிருமி சாகும். ஒரு பல்லுக்கு ஒரு நிமிடம். பன்னிரண்டு பல். வாயைத் திறந்துகொண்டு அந்த மனுஷன் பன்னிரண்டு நிமிடம் பேசாமல் இருந்ததை இன்றுதான் பார்த்தேன்.

எழுந்ததும் டாக்டரிடம், நீல உதட்டோடு: "மொத சம்சாரம் சரியில்ல சார். அவ போட்ட சோத்துலதான் பல்லே கெட்டுச்சு."

டாக்டர் சிரித்தார். நான் கருவித் தட்டைக் கழுவினேன்.

மார்ச் 12

நானா சரியில்ல? நானா?

மார்ச் 18

அவர் உள்ளே வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அடுத்த தேதி சொல்ல வெளியே வந்தேன். அவர் மனைவி, முப்பதுகூட இருக்காது, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, குழந்தைக்குப் பாக்குற நல்ல டாக்டர் யாரையாவது தெரியுமா? ஏழு வருஷமா மாத்திரை முழுங்குறேன்."

"அவருக்கு டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்களா?"

"அவருக்குக் குறையே இல்லையாம். மொத சம்சாரத்துக்கும் குறையாம். இப்ப எனக்கும்."

முகக்கவசத்தைக் கழற்றினேன். "அந்த மொத சம்சாரம் நான்தாம்மா. எனக்கு இப்ப ஏழு வயசுல பொண்ணு இருக்கா."

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்காகச் சொன்னேனா — பழி தீர்த்தேனா? இரண்டும்தான்.

மார்ச் 25

கடைசி முறை இன்று. வரவில்லை.

ஜூன் 17

மறுபரிசோதனைக்கு வந்தார். தனியாக. சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"நீதான் அவகிட்ட சொன்னியா?"

"நான்தான்."

"டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்னு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

குறை யாரிடம் என்று முகமே சொன்னது. நாற்காலியில் சாய்ந்து, நான் சொல்லாமலே வாயைத் திறந்தார்.

ஈறு நன்றாக ஆறியிருக்கிறது. ஓரிடத்தில்கூட ரத்தம் இல்லை. அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.