கேட்டால் தரப்படும்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அக்கா வீட்டிலும் நலம். சுகாதார அலுவலகத்தில்தான் என்னால் இரண்டு மூன்று பேர் கொஞ்சம் நலம் குறைந்திருக்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைக்கிற குட்டியும் சுகந்தானே? கால் வீக்கம் வடிந்ததா? உட்காரும்போது காலைத் தொங்கப்போடாதே. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, சனிக்கிழமை மேசையைத் தூக்கச் சொன்னால் மட்டும் திரும்ப வருகிறது. அந்த மேசையைப் பேருந்து நிலைய வாசலில் போட்டுத்தான் அக்காவும் நானும் கையெழுத்து வாங்குகிறோம். ரிடையரானது நீயா பள்ளிக்கூடமா என்று கேட்கிறார்.

எதற்குக் கையெழுத்து என்று உனக்குத் தெரியும். தாயை ஒன்றும் செய்யாமல் அவள் உடம்பில் சும்மா குடியிருக்கும் கிருமி, பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மாதம் நெருங்கும்போது ஒரு பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், வலி கண்டதும் மருந்து ஏற்றினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அக்காவின் குழந்தை போன பிறகுதான் நாம் இதையெல்லாம் படித்தோம், பரீட்சை முடிந்து புத்தகத்தைப் பிரித்த மாதிரி. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதை வழக்கமாகவே செய்யுங்கள் என்று மனு போட்டோம். ஐந்து மாதம் யோசித்து நான்கு வரியில் பதில் வந்தது: மேற்படி பரிசோதனை கேட்டால் தரப்படும். அதில் மூன்று எழுத்துப்பிழை. சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு நாலு போட்டு, நேரிலேயே கொண்டுபோனேன்.

அதிகாரி யார் என்று நினைக்கிறாய், ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த தூங்குமூஞ்சி. இப்போது பெரிய நாற்காலி, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டான். போன வருஷம் ஒருத்தர்கூட கேக்கல டீச்சர், தேவைன்னா கேட்டிருப்பாங்கல்ல என்கிறான். நானும் முப்பத்திரண்டு வருடம் வாய்ப்பாட்டைக் கேட்ட பிள்ளைக்கு மட்டும் நடத்தியிருக்கலாம். ஒரு பிள்ளையும் கேட்டிருக்காது, நிம்மதியாக ஸ்வெட்டர் பின்னியிருப்பேன். சரி, கேட்கலாம் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறாய் என்றேன். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினான். பூட்டுப் போட்ட அலமாரி! வெளிய ஒட்டினா எல்லாரும் கேப்பாங்க டீச்சர் என்றான். அந்த உண்மைக்காக இன்னும் ஒரு மார்க் சேர்த்துப் போட்டேன். வெளியே பெஞ்சில் பதினேழு கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருத்தியிடமும் விசாரித்தேன். ஒருத்திதான் கேள்விப்பட்டிருந்தாள். அவள் அங்கேயே வேலை பார்க்கிற நர்ஸ்.

கையெழுத்துத் தாளில் முதல் வரி அக்காவுடையது. யார் என்ற கட்டத்தில் அம்மா என்று எழுதியிருக்கிறாள். தாள்களை அதே அலுவலகத்தில் கொடுத்தபோது, எண்ணிப் பார்த்த குமாஸ்தா தலையைத் தூக்காமல், கொழந்தைக்கு என்னம்மா வயசு என்று கேட்டார். மூணு நாள் என்றாள் அக்கா. நாலு வருடமாக அவளுக்கு அதுதான் கணக்கு. அவர் அதற்கப்புறம் எண்ணவில்லை, அப்படியே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். மறுவாரம் போனபோது அலமாரிக் காகிதம் வெளிச் சுவருக்கு வந்திருந்தது. ஸ்டூல் போட்டு ஏறினால் படிக்கலாம், நிறைமாதத்தில் ஏறத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஆனால் 'கேட்டால்' அப்படியேதான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை அடிக்கும்வரை அப்பாவின் முட்டிக்கு ஓய்வில்லை.

அடுத்த வாரத்தோடு உனக்கு முப்பத்தாறு வாரம். உங்கள் ஊரில் தானாகவே செய்வார்களா, இல்லை அங்கேயும் ஓர் அலமாரி இருக்கிறதா, எனக்குத் தெரியாது. அதனால் நீ கேள். கூச்சமாக இருந்தால் மாப்பிள்ளையைக் கேட்கச் சொல். எதற்கு என்று டாக்டர் கேட்டால், எங்கம்மா டீச்சர், விடை தெரியாமல் வீட்டுக்குள் விடமாட்டாள் என்று சொல். அக்காவுக்கு இப்படி ஒரு வரி எழுத எனக்கு அன்று தெரியவில்லை.

தாயும் பிள்ளையுமாக நீங்கள் நூறு வருடம் என்னிடம் சண்டை போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு, கேட்டாயிற்று என்று ஒரு வார்த்தை அனுப்பு. வேறு செய்தி எதுவும் அன்று வேண்டாம்.

இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கும்
உன் அம்மா