மழையில் போட்ட கருவாடு

ஹேடோ, போர்ட் பிளேர்

அன்புள்ள செலினுக்கு,

மாதா துணையால் இங்கே சுகமாக இருக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகக் கருவாடு போடத் தொடங்கியதை எழுதியிருந்தேன் அல்லவா? முதலில் போட்டதெல்லாம் வீணாய்ப் போயிற்று. மழை விடவே இல்லை. உப்பு கரைந்து மீனில் புழு வைத்துவிட்டது. குழி வெட்டிப் புதைத்தேன். நீ கவலைப்படாதே, தெரு நாய்களுக்குத்தான் பெரிய துக்கம்.

அன்று பழைய மேஸ்திரி சிவஞானம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "தொறமுகத்துல நல்ல நௌக்ரிய விட்டுட்டு ஏன்யா இந்த நாத்தத்துல கெடக்குற? காலைல வா, திரும்பச் சேத்துக்கிறேன்" என்றார்.

"வாறேன் அண்ணாச்சி" என்றேன். உடம்பு அவ்வளவு ஓய்ந்திருந்தது.

காலையில் அவரிடம் போகத்தான் கிளம்பினேன். வழியில் வள்ளங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. சீலா மீன் நிறையப் பட்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு ஒரு கூடை மீனை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு குடிசைக்கே திரும்பிவிட்டேன். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இந்தத் தடவை வெயிலை நம்பவில்லை. கூரைக்குள் பரண் கட்டி, அடியில் புகை போடுகிறேன். கண் எரிகிறது, அவ்வளவுதான்.

ஈ மொய்க்காமல் மீனை மூடிவைக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. துவைக்க வேண்டாம், உடுத்தியது உடுத்தியபடி அனுப்பு.

நம் ஊர்ப் பக்கம் போகும் மெயின்லேண்ட் கப்பலுக்குத் தபால் கட்டுகிறார்கள். நிறுத்துகிறேன்.

உன்
வியாகுலம்