ராசாக்கள் எந்தப் பக்கத்தால வந்தவை?

என்ர ஆசைச் சின்னண்ணாவுக்கு, உப்புக்குளத்தில இருந்து உன்ர தங்கச்சி எழுதுறன்.

நாங்கள் இருக்கிறம். அம்மாவுக்கு முழங்கால் நோ, எனக்கு நத்தார் தையல். கழுதைகள் வழமைபோல நடுறோட்டில படுத்திருக்குதுகள், ஆமி ட்ரக் வந்தாலும் எழும்பாதுகள். கோச்சி இன்னும் இல்ல. தண்டவாளத்துக்குக் கீழ கிடந்த சிலிப்பர் கட்டையெல்லாம் பங்கர் கட்டப் போயிட்டுது. இந்த நேரம் பார்த்து நான் ஒரு கோச்சி செய்யத் தொடங்கியிருக்கிறன். சிரிக்காத.

பக்கத்து வீட்டுத் திரேசாக்கா மதிலுக்கு மேலால எட்டிப் பார்த்துச் சிரிச்சா. "கோச்சியே ஓடாத ஊரில பொம்மைக் கோச்சியோ? விசரே பிள்ளை உனக்கு? இதுக்கு இப்பவே நேரம்?"

"இதுதான் அக்கா நேரம். உண்மையான கோச்சி இருந்தா, அதைப்போல இல்ல, இதைப்போல இல்ல எண்டு நொட்டை சொல்லுவியள்" எண்டன்.

அதுக்கு அவ என்ன சொன்னவ தெரியுமே? "அப்பிடியெண்டாலும் உன்ர அண்ணன்ர கோச்சியைப் போல வராது."

எனக்குப் பத்தி எரிஞ்சுது. செத்தும் நீ என்னை விடுறாய் இல்லையே!

உன்ர கோச்சியை ஊர் இன்னும் கதைக்குது. பாலன் குடிலைச் சுத்தி, குடைக்கம்பித் தண்டவாளத்தில, மீன் ரின்னில செய்த பெட்டிகள். அதில மூண்டு ராசாக்களையும் ஏத்தி, கப்பல் வாற தலைமன்னார் பியரில இருந்து கொண்டுவந்தனி. சாமியார் குடில் பார்க்க வந்து, "தம்பி, ராசாக்கள் கிழக்கில இருந்தெல்லோ வந்தவை? பியர் மேற்கிலயெல்லே கிடக்கு?" எண்டு கேட்டார். நீ தலையைச் சொறிஞ்சு போட்டு, "வெளிநாட்டு ஆக்கள் வேற எதால சாமி வாறது? கப்பலில வந்து இறங்கினா கோச்சிதானே?" எண்டாய். வீடே விழுந்து சிரிச்சுது. நான் பிழை விட்டா அது பிழை. நீ விட்டா பகிடி. இது எந்த ஊர் நியாயம்?

அந்த ராசாக்களுக்கு உடுப்புத் தைச்சது ஆர்? நான். வெட்டித் துண்டில கரை பிடிச்சு, சரிகை வச்சு, கண் நோக நோகத் தைச்சனான். ஒரு சனமாவது உடுப்பைப் பார்த்ததே? எல்லாரும் சில்லைத்தான் பார்த்தவை. "தொடாத, தண்டவாளம் விலகிப் போகும்" எண்டு நீயும் என்ர கையைத் தட்டிவிட்டனி. எனக்குப் பொறாமை. அண்டைக்கும் பொறாமை, இண்டைக்கும் பொறாமை.

நீ மலேரியாக் காய்ச்சலில போனதில இருந்து எங்கட வீட்டில குடில் இல்ல. பற்றறியில ஓடின உன்ர எஞ்சினை அம்மா அலுமாரிக்குள்ள, உன்ர சேட்டில சுத்தி வச்சுப் பூட்டியிருக்கிறா. திறப்பு அவவின்ர இடுப்பில. கேட்டனான். "அது அவன்ர. நீ பழுதாக்கிப் போடுவாய்" எண்டா. நான் உயிரோட பக்கத்தில இருக்கிறன், அண்ணா. அவவுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுக்கிறன், முழங்காலுக்கு எண்ணெய் பூசுறன். எனக்கு இந்த நத்தாருக்கு வீட்டில ஒரு குடில் வேணும். அம்மா அதுக்கு முன்னால இருந்து, என்ர வேலையை ஒருக்கா வடிவாப் பார்க்க வேணும். வேறொண்டும் கேக்கேல்ல.

அதாலதான் நானே தொடங்கினன். பற்றறியை ஆமிச் சென்றியில மறிச்சுப் பறிச்சுப் போடுவாங்கள். கரண்டும் நினைச்ச நேரம் வராது. யோசிச்சு யோசிச்சு, தையல் மெசின் சில்லில மீன் பிடிக்கிற தங்கூசி நூலைச் சுத்தினன். சுவர் நீளத்துக்கு அதை இழுத்து, மற்ற நுனியில வெறும் நூல்கட்டையில மாட்டித் திருப்பிக் கொண்டுவந்தன். மெசினை மிதிச்சா கோச்சி போகுது. மெல்ல மிதிச்சா மெல்லப் போகுது. உன்ரது சுத்திச் சுத்தி ஓடினதே தவிர ஒரு இடத்தையும் போய்ச் சேரேல்ல. என்ரது மடு றோட்டில வெளிக்கிட்டு, முருங்கன் தாண்டி, சுவரின்ர நடுவில, மன்னாரில, குடில் வாசலில நிக்கும். ராசாக்கள் சரியாக் கிழக்கில இருந்து வருகினம். உண்மையான கோச்சி வராமல் போன அதே பக்கத்தால.

நேற்றுப் பின்னேரம் அம்மாவைக் கூட்டிவந்து கதிரையில இருத்தி ஓட்டிக் காட்டினன். அவ கனநேரம் பார்த்தா. பிறகு சொன்னா, "ராசாக்கள் பிழையான பக்கத்தால வருகினம் பிள்ளை."

அழுகை வந்திட்டுது எனக்கு. "இதுதான் அம்மா சரியான பக்கம்! சாமியாரைக் கேளுங்கோ!" எண்டு கத்திப்போட்டன்.

அம்மா முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி உள்ளுக்குப் போனா. அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டுது. உன்ர எஞ்சினைக் கொண்டுவந்து என்ர கையில தந்திட்டு, "நீ செய்தது நல்லாத்தான் இருக்கு. இவன் பியரில இருந்து வரட்டும். உன்ர மெசின் இவனையும் இழுக்குமே?" எண்டு கேட்டா.

இழுக்கும் அண்ணா. தங்கூசி போற பக்கம் ஒண்டு, திரும்பி வாற பக்கம் ஒண்டு. போறதில என்ரதைக் கட்டியிருந்தன். வாறதில உன்ரதைக் கட்டினன். முடிச்சை மூண்டு தரம் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினன். பொறாமையிலதான் எண்டு வச்சுக்கொள்ளன்.

நத்தாருக்கு ரெண்டும் ஓடும், இது சத்தியம். ராசாக்கள் புது உடுப்போட கிழக்கால என்ர கோச்சியில வருவினம். நீ மேற்கால வெறும் பெட்டியோட வா. பற்றறி இல்லாத உன்ர எஞ்சின் இந்தமுறை என்ர காலாலதான் ஓடப்போகுது. திரேசாக்கா மதிலுக்கு மேலால பார்த்து என்னைத்தான் புகழுவா. உனக்கு வயிறு எரியவேணும். அதுக்காகவாவது ஒருக்கா வா.

இப்பிடிக்கு,
ராசாக்களுக்கு உடுப்புத் தைச்ச உன்ர தங்கச்சி
மெற்றில்டா