ஹாலந்துக் கோப்பைகள்

அன்பு மகள் வீப்கேவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ஓக்கோவும் நலம், அந்த ஆஸ்திரேலிய வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். ஓக்கோ எழுதிக் கொடுத்தான் என்று நினைக்காதே, இது என் கையெழுத்துத்தான், எண்பதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றது, ஒரு வரி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போகிறது, ஆனாலும் எழுத வந்துவிட்ட சந்தோஷத்தில் சிரிப்பு அடங்கவில்லை. முதல் கடிதத்தில் நல்ல சேதியாக எழுதத்தான் ஆசைப்பட்டேன்.

போன வியாழன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். போர்க்காலத்தில் ஊர் எப்படி இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு வர வேண்டுமாம். எனக்கு ஒரே பெருமை, உனக்கென்று வைத்திருக்கும் நீலப்பூக் கோப்பைகளை அலமாரியிலிருந்து இறக்கினேன், கற்கண்டு போட்டுத் தேநீர் ஊற்றிப் பாலாடை விட்டேன். ஃபென்னா என்று ஒரு வாயாடி, தேநீர்ச் சூட்டில் கற்கண்டு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, எங்க வீட்டுல தூள் சர்க்கரைதான், எங்கம்மாவுக்கு நீங்க ஒரு பாடம் எடுங்க தாத்தா என்றாள். சிரித்தோம். கோப்பை அழகாயிருக்கே, ஏதுன்னு கேட்டாள். போர் சமயத்துல எங்கம்மா ஏலத்துல எடுத்தது, ஹாலந்துலேருந்து கப்பல் கப்பலா வந்து இறங்குச்சாம், ஊரே துறைமுகத்துல நின்னுச்சாம் என்று, அம்மா சொன்ன மாதிரியே சொன்னேன்.

வீப்கே, நாலு பேரும் இனி ஊற்ற வேண்டாம் என்று கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டார்கள். முதல் கோப்பையிலேயே! நம் வீட்டில் மூன்றாவது கோப்பைக்கு முன் யார் கரண்டி வைத்திருக்கிறார்கள்? ஃபென்னாதான் மெதுவாக, அது ஹாலந்துல நம்ம நாட்டுப் பட்டாளம் யூதக் குடும்பங்களைப் பிடிச்சுட்டுப் போனப்புறம் அவங்க வீட்டுலேருந்து அள்ளிட்டு வந்த சாமான் தாத்தா, போன வாரம்தான் படிச்சோம் என்றாள். நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். ஓக்கோவுக்குக் கோபம், எங்க பாட்டி என்ன திருடினாளா, காசு குடுத்துத்தானே வாங்கினா என்றான். வித்தது யாரு மாமா, கோப்பைக்குச் சொந்தக்காரங்களா என்றாள் அவள். அவன் விடாமல், செத்தவங்க பாவத்தை இந்தக் கிழவர் தலையில கட்டாதீங்க என்றான். தாத்தாவை யாரும் குத்தம் சொல்லல, இப்பத் தெரிஞ்சுபோச்சே, இனிமே என்ன செய்யப்போறீங்கன்னுதான் கேக்குறேன் என்றாள். பதினைந்து வயதுப் பெண், வீப்கே. எங்கோ ஒருத்தி கழுவித் துடைத்து அடுக்கி வைத்துவிட்டுப் போன கோப்பையில் நான் ஆயுசு முழுக்கக் குடித்திருக்கிறேன்.

கோப்பைகள் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தார் ஹாலந்தில் விசாரித்து, உரியவர்களின் வாரிசுகள் இருந்தால் தேடிக் கொடுப்பார்களாம். கிடைக்காவிட்டால் பள்ளியில் எல்லோரும் பார்க்க வைப்பார்கள், யாருடையது என்று தெரியவில்லை என்ற சீட்டை நானே எழுதுகிறேன் என்றிருக்கிறேன். உனக்கென்று சொன்னதை உன்னைக் கேட்காமல் கொடுத்தது வருத்தமாயிருந்தால் திட்டி எழுது, நானே படித்துக்கொள்வேன். ஓக்கோ என்னோடு பேசுவதில்லை, நீ அவனிடம் பேசு.

குளிர்ந்த தண்ணீரில் பிள்ளைகளை அதிகம் விடாதே. எல்லோரும் நன்றாயிருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. மறக்காதே, கல்யாணத்துக்குப் பிறகு நீ எடுத்துப்போன இரண்டு கோப்பைகளையும் கம்பளியில் சுற்றி அனுப்பு. இனி அதில் தேநீர் ஊற்றாதே.

உன் அப்பா,
ஹப்போ