ஸ்டெல்லாவின் தலை அரிப்பு

வியாழன் இரவு. மழை விடவில்லை.

சாயங்காலம் பக்கத்து லயத்து வீட்டு ஸ்டெல்லா வந்தாள். சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். ஒரு வாரமாக நான் காய்ச்சி விற்கும் ரோஜா எண்ணெயைத்தான் தலைக்குத் தேய்க்கிறாள்.

“அக்கா, தலை ஒரே அரிப்பு. எண்ணெய் நல்லா வேலை செய்யுதுலா! இன்னொரு பாட்டில் குடுங்க.”

அரித்தால் முடியின் வேர் விழித்துக்கொள்கிறது என்று அவளுக்குச் சொன்னவள் நான். எனக்குச் சொன்னது, எண்ணெய் காய்ச்சக் கற்றுத்தந்த இணைய வகுப்பு. அவர்கள் செம்பருத்தியில்தான் காய்ச்சச் சொன்னார்கள். இந்தக் குளிரில் அது சரியாகப் பூக்காததால், பிரிஞ்சாங் ஊர்ப் பூத்தோட்டத்தில் கழித்துக் கொட்டும் ரோஜாவை அள்ளிவந்தேன். இன்று காலை அங்கே ஒருவர் முகமூடி, கண்ணாடி, கையுறை சகிதம் அந்தச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார். என் பாட்டிலில் ‘இரசாயனம் அற்றது’ என்று அழகான எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்.

“முடிஞ்சிபோச்சு. இருக்கறதயும் தேய்க்காத, சீயக்காய் போட்டு அலசிடு” என்றேன்.

“அதோ அடுக்கி வச்சிருக்கீங்களே! வேற பொண்ணுக்கா? நான் என்ன சும்மாவா கேட்டேன்?”

கோபித்துக்கொண்டு போய்விட்டாள். மிச்ச எண்ணெயை இன்று இரவும் தேய்ப்பாள்.

எழுந்து போய்க் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அதே எண்ணெயை என் தலையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதற்குப் பரிசோதனை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

காதுக்குப் பின்னால் ஏதோ தொடங்கிவிட்டது. பேனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பேன் இப்படி எரியாது.

அவள் வீட்டில் இன்னும் விளக்கு தெரிகிறது. குடையை எங்கே வைத்தேன்?