கோழி அடித்த வீட்டுக்கு ஒரு வணக்கம்

பிப்ரவரி 8, புதன்

கிவோம்பியிலிருந்து இப்போதுதான் வந்தேன். வழியெல்லாம் சேறு. மோட்டார் சைக்கிள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது, நானும் இறங்கித் தள்ளினேன். பாவாடையைப் பார்த்துவிட்டு அம்மா, "பாராளுமன்றத்தம்மா, இதை நீங்களே துவைச்சுக்குங்க" என்றாள். சிறுவர் பாராளுமன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கிண்டல்தான்.

எங்கள் சனிக்கிழமை ரேடியோ நிகழ்ச்சிக்காகக் கதுங்குவைப் பார்த்தேன். பதினாலு வயசு. பன்னிரண்டு வயசில் சந்தைக்குப் போன வழியில் துப்பாக்கியோடு திரிகிற காட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் சுமை, சமையல், மற்றதும். தப்பி வந்து நாலு மாசமாய் அந்த ஊர் ஜுஸ்தீன் அத்தை வீட்டில் ஒளிந்திருக்கிறாள். அவர்களுடைய வழிகளெல்லாம் அவளுக்கு அத்துப்படி, அதனால் விட மாட்டார்கள், தேடுகிறார்கள். பீன்ஸ் உரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் பேரு வேணாம்."

"மாத்திடுவேன். உன் குரலும் வராது, நானேதான் படிப்பேன். எங்களுக்கு மூணு நாள் பயிற்சியே குடுத்திருக்காங்க" என்றேன். பெருமை வேறு.

"அவங்களும் சனிக்கிழமை ரேடியோ கேப்பாங்க. பாட்டு போடுவீங்கல்ல, அதுக்காக" என்றாள். நல்ல தகவல் என்று குறித்துக்கொண்டு கீழே கோடும் போட்டேன்.

அத்தை எனக்காகக் கோழி அடித்தாள். வீட்டில் இருந்ததே அந்த ஒன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது. கிளம்பும்போது சிரித்துக்கொண்டே, "ஏண்டி, ரேடியோவுல எங்களுக்கும் ஒரு வணக்கம் போடுவியா?" என்றாள்.

"போடாம இருப்பேனா அத்தை!"

பிப்ரவரி 11, சனி

அப்பாடா, முடிந்தது. நாலு மணி நிகழ்ச்சியில் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அவளுக்கு நீமா என்று பெயர் வைத்தேன், ஊரை "ஒரு கிராமம்" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பலுக்கு அண்ணன் மெஷினை விட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி இரண்டு நிமிஷம் வழக்கம்போல வணக்கங்கள். சீட்டுகளைப் படித்தேன். முஹிந்தோவின் அம்மாவுக்கு, எங்கள் வகுப்புக்கு, பேக்கரிக்காரருக்கு, பிறகு, "புதன்கிழமை எனக்குக் கோழி அடித்துப் போட்ட கிவோம்பி ஜுஸ்தீன் அத்தைக்கும் அந்த வீட்டாருக்கும்!" சாப்பிட்ட வீட்டுக்கு வணக்கம் சொல்லாமல் வந்தால் நன்றி கெட்டவள் என்பார்கள்.

தெருவில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

காலைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். கைதட்டல். சந்தோஷமாக இருந்தது, எதற்குப் பொய்.

பிப்ரவரி 17, வெள்ளி

என்னைக் கிவோம்பிக்குக் கூட்டிப்போன மோட்டார் சைக்கிள்காரர் சந்தையில் சொன்னார். புதன்கிழமை விடியும்போது காட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். ஊரில் வேறு எந்த வீட்டையும் தொடவில்லை. அத்தையின் கையை உடைத்து வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். பெண் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

"அதுல ஒரு வேடிக்கை பாரும்மா. ஊருக்குள்ள நுழைஞ்சதும், கோழி அடிச்ச வீடு எதுன்னு கேட்டானுங்களாம். பசி போலன்னு ஜனங்க நினைச்சிருக்கு."

தக்காளி வாங்கப் போனவள் வாங்காமலே வந்துவிட்டேன்.

நான்தான். நானேதான். ஐயோ, என் வாயாலதான சொன்னேன் — ஊரைச் சொல்லி, பேரைச் சொல்லி, சிரிச்சுக்கிட்டே சொன்னேனே! அந்தப் புள்ள பீன்ஸ் உரிச்சுக்கிட்டே சொல்லுச்சே, அவங்களும் கேப்பாங்கன்னு. கோடு போட்டு வச்சேன். எதுக்குடி போட்ட அந்தக் கோட்டை?

பிப்ரவரி 18, சனி

கூட்டம். எங்கள் சிறுவர் பாராளுமன்றத் தலைவன் முஹிந்தோ மேசையைத் தட்டினான். "ஊருக்குள்ளயே எவனோ காட்டிக் குடுத்திருக்கான். துரோகிப் பய." எல்லோரும் ஆமாம் என்றார்கள். என் பக்கம் திரும்பி, "நீ போயிருக்கியே, யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்" என்றேன்.

அந்த மனுஷர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர்.

வணக்கப் பகுதியை யாரும் காதில் வாங்குவதில்லை. தன் பெயர் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அதனால்தான் இவர்கள் யாருக்கும் நினைவில்லை.

பிப்ரவரி 22, புதன்

தலைநகர் கின்ஷாசாவில் பெரிய கூட்டமாம். போர்ப் பகுதிப் பிள்ளைகளின் உரிமை பற்றிப் பேச எங்கள் மாகாணத்திலிருந்து ஒருத்தர். நான்தான். நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்தார்களாம். அம்மா அதற்குள் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டாள். மஞ்சளில் நீலப் பூ.

பிப்ரவரி 23, வியாழன்

அத்தைதானே கேட்டாள்? அவளாகத்தானே கேட்டாள்? — சீ.

மார்ச் 1, புதன்

ரேடியோ நிலையத்துக்குப் போய், பதினொன்றாம் தேதிப் பதிவை அழித்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார் பலுக்கு அண்ணன்.

"சும்மாதான். என் குரல் நல்லா இல்ல."

அவர் அந்தப் பதிவையே போட்டார், சரியாகக் கடைசி இரண்டு நிமிஷத்திலிருந்து. தேட வேண்டியிருக்கவில்லை அவருக்கு. என் குரல் கோழி என்றதும் நிறுத்தினார்.

"விஷயம் கேள்விப்பட்ட அன்னிக்கே எடுத்துக் கேட்டேன். மைக்கை மூடுற சுவிட்ச் என் கையிலதான இருந்துச்சு? நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். மூணு பிள்ளைங்களோட தகப்பன், வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். உன்னைச் சொல்ல எனக்கென்ன யோக்யதை இருக்கு?"

"அப்ப அழிச்சிடுங்க."

"மாட்டேன். போ, வீட்டுக்குப் போ."

மார்ச் 4, சனி

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டு போனதைப் படிக்க முடியவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். பலுக்கு அண்ணனும் வந்து வாசலில் நின்றார்.

அப்புறம் முஹிந்தோ, "ரெண்டு வாரமா எங்க எல்லாரையும் அந்த ஆளத் திட்ட வச்சியே. நான் அவரப் பத்திப் போலீசுக்கே கடுதாசி எழுதிட்டேன், தெரியுமா?" என்றான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கடிதத்தைத் திரும்ப வாங்கத் திங்கட்கிழமை அவனும் நானும் போகிறோம்.

கின்ஷாசாவுக்கு வேறொருத்தி போகிறாள். அம்மாதான் ஆடித் தீர்த்தாள். "உன்னை யாருடி கேட்டா? கேக்காத கேள்விக்கு நீ ஏண்டி பதில் சொன்ன?" பிறகு தைத்து வந்த சட்டையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மார்ச் 9, வியாழன்

ஆஸ்பத்திரி. அத்தையின் கையில் மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியா?" என்றாள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "நான்தானேடி வணக்கம் கேட்டேன். எனக்கு ஒரு ஆசை. நம்ம பேரு ரேடியோவுல வராதான்னு" என்றாள். திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

"இல்ல அத்தை. நீங்க கேக்கலாம். பயிற்சி எடுத்தவ நான்."

"சனிக்கிழமை அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு வச்சிருந்தேன். பேரு வந்ததும் எல்லாரும் கை தட்டினாங்க. கதவுக்குப் பின்னால உக்காந்திருந்த அவ மட்டும் எந்திரிச்சு உள்ள போயிட்டா. செருப்பைத் தலமாட்டுல வச்சுக்கிட்டே படுத்தா, நாலு நாளா. எனக்குப் புரியல பாரு."

அவள் அப்போதே தெரிந்துகொண்டுவிட்டாள்.

மார்ச் 21, செவ்வாய்

உயிரோடு இருக்கிறாள்! கதுங்கு உயிரோடு இருக்கிறாள். பின்பக்க வாழைத்தோப்பு வழியாக ஓடி, மூன்று நாள் நடந்து, கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். ஒரு சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து அத்தையிடம் சொல்லி, அத்தை என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"எனக்கு ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். சிஸ்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. எங்க இருக்கேன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னா."

சரிதான். அவள் கேட்டது சரிதான்.

ஏப்ரல் 1, சனி

இப்போது நான் மைக்குக்கு முன்னால் உட்காருவதில்லை. பலுக்கு அண்ணன் பக்கத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, படிக்கப்போவதை முன்னாலேயே பார்க்கிறேன். வணக்கங்கள் கிடையாது என்பது என்னால் வந்த சட்டம். இன்று ஒன்பது வயசுக் குட்டி ஒருத்தி சீட்டை நீட்டினாள். "அக்கா, எங்கம்மாவுக்கு மட்டும். ஒரே ஒரு வணக்கம்."

"முடியாதும்மா."

"கல்நெஞ்சுக்காரி" என்றாள். சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஊர், பெயர், வாழைத்தோப்பு, சிஸ்டர் — எல்லாம் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பதுபோல. இத்தனைக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பார். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, புது நோட்டில் எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். பழையதை அம்மா ஃபுஃபுக் களி கிண்டுகிற அடுப்பில் போட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அதனால் அந்த ஊருக்குக் கிவோம்பி என்று பெயர் இல்லை. அவள் கதுங்கு இல்லை, அத்தை ஜுஸ்தீன் இல்லை. ஓடியது வாழைத்தோப்பு வழியாகவும் இல்லை. அன்று அவர்கள் எனக்காக அடித்தது கோழியும் இல்லை.